மகள் படிக்கும் பள்ளி ‘டைட்டில் 1’ ஆகிவிட்டது: அந்தப் பணம் யாருக்கு?

காவிரிக்கரையான்
வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. இந்த ஆண்டு பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அவள் பையில் ஒரு தாள் வந்தது. ‘பள்ளி–பெற்றோர் உடன்படிக்கை’ என்று தலைப்பு. பள்ளி என்ன செய்யும், ஆசிரியர் என்ன செய்வார், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். விசாரித்தால், பள்ளி இப்போது டைட்டில் 1 பள்ளியாம். அதாவது, ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கு அமெரிக்க மத்திய (ஃபெடரல்) அரசு தரும் கூடுதல் பணம் இங்கும் வருகிறது. எந்தத் தெருப் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு என்ற எல்லையை மாற்றிவிட்டார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது பாதிக்கு மேல்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உடனே ‘வீட்டை விற்றுவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்விடலாம்’ என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் கேட்க வந்தது வேறு.

சட்டப்படி ஆண்டுக்கு ஒரு முறை நடத்த வேண்டிய பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். ஃபெடரல் பணம் எதற்குப் போகிறது என்று பிரின்சிபல் விளக்கினார். முழுநேர வாசிப்பு ஆசிரியர் ஒருவர், வகுப்பில் உதவ இரண்டு பாரா (ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் பாராப்ரொஃபெஷனல்), கணக்குப் பயிற்சிக்கு ஒரு மென்பொருள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பெற்றோருக்கு இரண்டு மாலை நிகழ்ச்சிகள். எல்லாம் பள்ளி முழுவதுக்கும் பொது. என் மகளும் அந்த மென்பொருளில்தான் கணக்குப் போடுகிறாள். நானும் மனைவியும் ஐடியில் வேலை பார்க்கிறோம். ஏழைப் பிள்ளைகளுக்காக வந்த பணத்தில் என் பிள்ளைக்கு எதற்குப் பங்கு? மனசு ஒப்பவில்லை. இது சரிதானா?

தெளிந்தநீர்
நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. என் பதில்: சரியில்லை.

1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், டைட்டில் 1ஐக் கொண்டுவந்த கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது உங்கள் டெக்ஸஸில்தான், அவர் சின்ன வயதில் படித்த ஓராசிரியர் பள்ளி வாசலில், தன் முதல் டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அதற்கு முன்பு, 1928இல், கொட்டூலா ஊரில் மெக்ஸிக வம்சாவளிக் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துப் பிறந்த பணம் இது. அது இன்று ஐடி வீட்டுப் பிள்ளைக்கு மென்பொருளாகப் போய்ச் சேருகிறது.

இப்படி ஆனது படிப்படியாகத்தான். பணத்தைப் பள்ளி முழுவதுக்கும் செலவழிக்கலாம் என்ற அனுமதி முதலில் 75 சதவீதம் ஏழைப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்குத்தான் இருந்தது. 1994 சட்டம் அதை 50 ஆக்கியது. 2001இல் கொண்டுவந்த சட்டம் 40 ஆக்கியது. 2015க்குப் பிறகு மாநிலம் விலக்குக் கொடுத்தால் 40க்குக் கீழே இருக்கும் பள்ளியும் அப்படிச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் வரம்பு இறங்கியதே தவிர ஏறவில்லை.

நெல்லைச்செல்வி
நான் நியூ ஜெர்சியில் ஒரு டைட்டில் 1 தொடக்கப் பள்ளியில் பாராவாக வேலை செய்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. தெளிந்தநீர் தம்பி சொல்லும் பழைய முறையையும் நான் பார்த்திருக்கிறேன். நான் முதலில் சேர்ந்த பள்ளியில் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தப் பணத்தில் உதவி. அவர்களை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சொல்லித்தர வேண்டும்.

ஒரு பையன். முதல் வகுப்பு. தினமும் 9:40க்கு நான் வாசலில் போய் நிற்பேன், அவன் எழுந்து வருவான். அந்த நேரத்தில் டீச்சர் கதை வாசிக்கத் தொடங்கியிருப்பார். என்னோடு அரை மணி நேரம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பிப் போவான். அங்கே மற்ற பிள்ளைகள் அந்தக் கதையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். இவனுக்குக் கதையே தெரியாது! வெறும் தாளை வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பான். உதவி செய்யப் போய், அவன் வகுப்பையே அவனிடமிருந்து பறித்துவிட்டோம். அப்புறம், வாசலில் நான் தெரிந்ததும் மற்ற பிள்ளைகள் அவன் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். யார் ‘பின்தங்கியவர்’ என்று ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது இருக்கும் பள்ளி முழுக்கவே டைட்டில் 1. காலையில் எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் நாற்பது நிமிடம் சிறு குழு நேரம். எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு குழுவுக்குப் போவார்கள். பின்தங்கிய நான்கு பேர் வாசிப்பு ஆசிரியரிடம், இன்னும் சிலர் என்னிடம், மற்றவர்கள் வகுப்பு டீச்சரிடம். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. காவிரிக்கரையான் அண்ணா, உங்கள் மகள் ஒரு குழுவில் உட்காருவதால்தான் அந்தப் பையன் தனியாக எழுந்து போக வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை
ஒரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) நிதி அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கி விடுகிறேன். ‘ஏழைப் பிள்ளைக்கான பணம்’ என்று இருவரும் சொல்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

5 முதல் 17 வயது வரை வறுமையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சென்சஸ் துறை ஆண்டுதோறும் மதிப்பிடும். பெரும்பாலும் அதை வைத்துத்தான் பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு என்பது முடிவாகிறது. மாவட்டம் தன் பள்ளிகளை வறுமை விகிதப்படி வரிசைப்படுத்தும். 75 சதவீதத்துக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு முதலில் கொடுத்தாக வேண்டும், பிறகுதான் மற்றவை. இதுவரைக்கும்தான் ஏழ்மை கணக்கில் வரும். பள்ளிக் கதவைத் தாண்டிவிட்டால் அளவுகோல் மாறிவிடும். தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் செலவிடும் பள்ளியில்கூட, படிப்பில் பின்தங்கிய பிள்ளைதான் தகுதி பெறுகிறது. அப்பாவின் சம்பளத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. ஏழை வீட்டில் பிறந்து நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அங்கே தனி உதவி கிடையாது. வசதியான வீட்டுப் பிள்ளை வாசிப்பில் திணறினால் அவனுக்கு உண்டு.

வறுமை அதிகமான பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளும் அதிகம் என்பதால், பணம் பள்ளிக்குப் போகட்டும், அதன்பின் தேவை பார்த்துச் செலவாகட்டும் என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் யோசனை. இதை ஒப்புக்கொண்டால் காவிரிக்கரையான் சாருக்கு மனக்கிலேசம் வேண்டியதில்லை.

தெளிந்தநீர்
கணக்குப்பிள்ளை சார், விதியைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் என் குறை அந்த யோசனையைப் பற்றியது இல்லை. மெலிசாகத் தடவுவதைப் பற்றியது.

ஆண்டுக்குச் சுமார் 1,840 கோடி டாலர். கேட்டால் மலைப்பாக இருக்கும். இதன் கீழ் வரும் பிள்ளைகள் சுமார் இரண்டரைக் கோடி. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 700 டாலர் சொச்சம். மார்க் டைனார்ஸ்கியும் கிர்ஸ்டன் கெய்ன்ஸும் 2015இல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்துக்காக எழுதியதும் இதைத்தான்: தலைக்கு வரும் தொகை சின்னது, அதுவும் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு, கணினி என்று பிள்ளையின் படிப்பை அவ்வளவாக உயர்த்தாத விஷயங்களில் கரைகிறது. 

700 டாலரைப் பள்ளி முழுக்கத் தடவினால் யாருக்கும் எதுவும் ஒட்டாது. அதே பணத்தைத் திரட்டி, மிகவும் பின்தங்கிய முப்பது பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள், ஒரு ஆசிரியருக்கு மூன்று பிள்ளைகள் என்று ஓராண்டு சொல்லிக் கொடுத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். இப்படி நெருக்கமாகச் சொல்லித் தருவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நான் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன். பசித்த பிள்ளைக்கு ஒரு முழுத் தட்டு வேண்டும். எல்லோருக்கும் ஒவ்வொரு கரண்டி என்பது நிர்வாகத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

நெல்லைச்செல்வி
தம்பி, சத்துணவு எல்லோருக்கும் ஒரே வரிசையில் போட்டதால்தான் யாரும் கூசாமல் சாப்பிட்டார்கள். அதையும் நினைத்துப் பாருங்கள்.

முப்பது பேருக்கு மட்டும் என்றால் முப்பத்தொன்றாவது பிள்ளை யார் என்று நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணில் விடுபட்டவள். செப்டம்பரில் ‘பரவாயில்லை’ என்று விட்ட பிள்ளை டிசம்பரில் தடுமாறுகிறாள். எங்கள் பள்ளியில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை குழுக்களை மாற்றுகிறோம். பெயர்ப் பட்டியல் போட்டுப் பூட்டி வைத்தால் அது முடியாது.

மலைச்சாரல்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காவிரிக்கரையான் சொன்ன வாட்ஸ்அப் பேச்சு எங்கள் ஊரிலும் உண்டு. வீடு தேடும்போது ரியல் எஸ்டேட் தளத்தில் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்து, ‘டைட்டில் 1 பள்ளியாம்’ என்று நம் ஆட்கள் விலகிப் போகிறார்கள். அந்தச் சொல் பள்ளியின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அங்கே படிக்கும் பிள்ளைகளின் வீட்டு வருமானத்தைத்தான் சொல்கிறது. என் மகன் அப்படிப்பட்ட பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தான். முதல் வகுப்பில் வாசிப்பு வரவில்லை, வாசிப்பு ஆசிரியர்தான் கரை சேர்த்தார். அந்த ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

கணக்குப்பிள்ளை
தெளிந்தநீர் சொன்ன ‘தலைக்கு 700’ சராசரிதான். வறுமை அதிகமான பள்ளிக்குத் தலைக்கு இதைவிடக் கூடுதலாக வரும், குறைவான பள்ளிக்குக் குறைவு. ஆனாலும் பெரிய தொகை இல்லை என்பது உண்மை. இந்த நாட்டில் பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாநிலமும் உள்ளூர் வரியும் கொடுப்பது. ஃபெடரல் பங்கு சாதாரண ஆண்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அதனால்தான் இந்தப் பணம் ‘கூடுதலாக’ இருக்க வேண்டும், உள்ளூர்ப் பணத்தின் இடத்தை நிரப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் அந்தக் கட்டுப்பாடு தளர்வாக இருந்தது. 1969இல் வெளியான ஓர் அறிக்கை, ஏழைப் பிள்ளைகளுக்கான பணம் நீச்சல் குளம் வரைக்கும் போனதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் விதிகள் இறுகின.

ஆனால் இன்றும் ஒரு ஓட்டை இருக்கிறது. உண்மையான சண்டை அங்கேதான் நடக்க வேண்டும். டைட்டில் 1 பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் உள்ளூர்ப் பணத்தில் சமமான வசதி கிடைக்கிறது என்று மாவட்டம் காட்டியாக வேண்டும். அதைக் காட்டும்போது, பணி அனுபவத்தால் ஆசிரியர் சம்பளத்தில் வரும் வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சட்டமே விட்டுவிடுகிறது. இருபது வருட அனுபவம் உள்ளவர்கள் வசதியான பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏழைப் பள்ளிக்கு வருவார்கள். இரண்டு இடத்திலும் இருபது ஆசிரியர்கள், ஆகவே தாளில் சமம். சம்பளப் பட்டியலைக் கூட்டினால் ஏழைப் பள்ளிக்குப் போவது பல லட்சம் டாலர் குறைவாக இருக்கலாம். 2011இல் கல்வித் துறையே வெளியிட்ட ஆய்வில், டைட்டில் 1 பள்ளிகளில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவை, அதே மாவட்டத்தில் அதே நிலை வகுப்புகள் உள்ள மற்றப் பள்ளிகளைவிட ஊழியர்களுக்குக் குறைந்த உள்ளூர்ப் பணத்தையே செலவிட்டன என்று வந்தது. ஃபெடரல் பணம் மேலே சேர வேண்டிய இடத்தில் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

தெளிந்தநீர்
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். இரண்டு ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியரிடம் மிகப் பின்தங்கிய பிள்ளைகளை விட்டுவிட்டு, உதவிக்கு ஒரு பாராவை அனுப்புவது எப்படி ஈடாகும்? செல்வி அக்கா தவறாக நினைக்க வேண்டாம். பாராக்களுக்குச் செலவிடும் பணத்தைத்தான் நான் முதலில் ஆசிரியர் பக்கம் திருப்பச் சொல்வேன்.

நெல்லைச்செல்வி
தவறாக நினைக்கவில்லை, ஆனால் வலிக்கிறது. டைட்டில் 1 பள்ளியில் பாடத்தில் உதவும் பாராவாகச் சேர இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும், அல்லது தேர்வு எழுதித் தேற வேண்டும். ஆசிரியரின் மேற்பார்வையில்தான் வேலை. நான் ஊரில் எம்.எஸ்சி. முடித்தவள். எனக்கு இங்கே கிடைக்கும் சம்பளத்தில் ஒரு முழு ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

நீங்கள் கேட்ட மூன்று பேர் குழு எங்கள் பள்ளியில் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு வகுப்பு டீச்சர் விடுப்பு எடுத்தால் பதிலுக்கு ஆள் கிடைப்பதில்லை. உடனே வாசிப்பு ஆசிரியரைத்தான் அந்த வகுப்பில் நிறுத்துகிறார்கள். அன்றைக்கு அவருடைய குழுக்கள் எல்லாம் ரத்து. போன வருடம் பிப்ரவரியில் காய்ச்சல் பரவியபோது ஒரு குழு மூன்று வாரத்தில் நான்கு நாள்தான் கூடியது. அதில் இருந்த ஒரு பிள்ளை ஜனவரியில் சொற்களைத் தடங்கலில்லாமல் படிக்கத் தொடங்கியிருந்தாள், மார்ச்சில் மறுபடியும் எழுத்துக் கூட்டினாள். பள்ளி முழுவதுக்குமா, முப்பது பேருக்கா என்று நாம் இங்கே பேசுகிறோம். எந்த முறையாக இருந்தாலும் அந்த நாற்பது நிமிடத்தை யாராவது காவல் காக்க வேண்டும்.

தெளிந்தநீர்
அக்கா, இதை நான் யோசித்ததில்லை. முப்பது பேருக்கு மட்டும் என்று வைத்திருந்தாலும் அந்த ஆசிரியரை இப்படித்தான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், முப்பது பேரின் பெயர் எழுதி வைத்திருந்தால், ‘இவர்களுக்கு இத்தனை நாள் வகுப்பு நடக்கவில்லை’ என்று கேட்க ஒரு பிடி இருக்கும். பள்ளி முழுவதுக்கும் என்றால் எதைக் காட்டிக் கேட்பது?

கணக்குப்பிள்ளை
கேட்க வழி இருக்கிறது. பள்ளி முழுவதுக்கும் செலவிடும் எந்தப் பள்ளியும் முதலில் தேவைகளை ஆராய்ந்து ஒரு திட்டம் எழுத வேண்டும், பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு. பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்ன செய்கிறோம் என்று அதில் இருந்தாக வேண்டும். அந்தத் திட்டத்தைப் பெற்றோர் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். அது தவிர, 5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் மாவட்டம் அதில் குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தால் அந்தப் பதினோரு பேர் கேட்பதுதான் நடக்கும்.

காவிரிக்கரையான்
எல்லோருக்கும் நன்றி. தெளிந்தநீர் சொன்ன ‘பிடி’ என்ற சொல்லும் செல்வி அக்கா சொன்ன அந்தப் பிள்ளையும் மனதை விட்டுப் போகவில்லை. பள்ளித் திட்டத்தின் நகல் கேட்டு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பினேன். அத்துடன் ஒரு கேள்வி: ‘ஆகஸ்டிலிருந்து இன்றுவரை வாசிப்பு ஆசிரியரை வேறு வகுப்புக்கு எத்தனை நாள் அனுப்பினீர்கள்?’

அடுத்த கூட்டத்தில் இதையே கேட்கலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். வீட்டை விற்கப் போவதாகச் சொன்னவர்களில் இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். மாலை ஆறரைக்குக் கூட்டம் என்றால் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோரால் வர முடியாது. சனிக்கிழமை காலைக்கு மாற்ற முடியுமா என்று பிரின்சிபலிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.