எத்தனையாம் நம்பர் கூண்டு? டெஸ்ட் முடிவைப் படித்த அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

விசைப்படகுக்காரர்களுக்குக் காற்று வேகமும் அலை உயரமும் காட்டும் சின்ன ஆப் ஒன்றை நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொள்கிறோம். ஜூன் 14, தடைக்காலம் முடியும் நாள். மறுநாள் எல்லாப் படகும் இறங்கும். அன்று சாயங்காலம் ராமேஸ்வரம் பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது டெஸ்ட் முடிவு, அதாவது ஆப் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதித்த முடிவு, போனுக்கு வந்தது. மொத்தம் 1,380 டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, பாஸ், பாஸ், பாஸ். பெருவிரல் வலிக்கும்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, சரி, எல்லாம் நல்லா இருக்கு என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அடியில் மூன்று தோல்வி இருந்திருக்கிறது. அதில் ஒன்று: எதிர்பார்த்தது 46, வந்தது 25. நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) கணக்கை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றும் இடம் விட்டுப்போயிருந்தது. 46 கிலோமீட்டர் காற்று என்றால் கரையிலேயே இருப்பார்கள். 25 என்றால் வலையை ஏற்றிவிடுவார்கள். நல்லவேளை, ராத்திரி கூட இருந்தவன் பார்த்துவிட்டான்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு டெஸ்ட் ஒன்றும் புரியவில்லை. "பாம்பன்ல எத்தனையாம் நம்பர் கூண்டு ஏத்திருக்கான், அத மொதல்ல சொல்லு மாப்ள. கதைய அப்புறம் கேட்டுக்கிறேன்" என்றார். அன்றைக்கே மாற்றினேன். முதல் வரி: 3 தோல்வி, 1,377 சரி. அடுத்து, தோற்ற ஒவ்வொன்றுக்கும் பெயர், எதிர்பார்த்தது, வந்தது. பாஸானவை மடித்து உள்ளே. வேண்டுமென்றால் தட்டித் திறக்கலாம். இதுவரை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

கீழக்கரையிலிருந்து:

நாங்கள் சிவப்பு, பச்சைப் புள்ளிகளை மட்டும் வைத்திருந்தோம். என்னோடு வேலை பார்க்கும் காக்காவுக்கு (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாதாம். ஒரு வருஷம் வாய் திறக்கவில்லை மனுஷன், லாகை, அதாவது டெஸ்ட் ஓடியதன் முழுப் பதிவை, திறந்து தேடியே காலத்தை ஓட்டியிருக்கிறார். இப்போது புள்ளிக்குப் பக்கத்தில் 'தோல்வி' என்று எழுத்திலும் வருகிறது.

தொண்டியிலிருந்து:

எங்களுக்கு ஒரு நாள் 41 தோல்வி. வயிறு கலங்கிப் பார்த்தால் காரணம் ஒன்றே ஒன்று, டெஸ்ட் டேட்டாபேஸ் ஓடவேயில்லை. அதன்பிறகு ஒரே பிழைச் செய்தி வந்தவற்றை ஒரே வரியில் சேர்த்து, பக்கத்தில் எண்ணிக்கை போடுகிறோம்.

இன்னொரு கூத்து. டெஸ்ட்களைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 2022இல் வந்த ஜாப் சம்மரிக்குள் (ஒரு ஓட்டத்தின் முடிவைச் சுருக்கமாகக் காட்டும் பக்கம்) மொத்த லாகையும் கொட்டினேன். ஒரு ஸ்டெப்புக்கு 1 எம்பிதான் கொள்ளும். தாண்டினால் சம்மரி ஏறாது, ஆனால் அதற்காக ஜாப் ஃபெயில் ஆகாது. பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மண்டபத்திலிருந்து:

தொண்டிக்காரரே, கூண்டுக் கம்பமே கண்ணுக்குத் தெரியாத அன்றைக்குக் கடலுக்குப் போன மாதிரி இருக்கிறது. எங்களுடையதும் அப்படித்தான் இருக்கும், இன்று ராத்திரி பார்த்துவிடுகிறேன்.