பூசணி விளக்குக்குப் பக்கத்தில் ஓர் ஓவியக்கூடம்

பெங்களூரில் இருக்கும் நண்பன் மாதம் ஒருமுறை கலைநடை போகிறான். கேலரி கேலரியாக ஏறி இறங்கிப் படம் அனுப்புவான். தருமபுரியில் கேலரிக்கு எங்கே போவது? இருந்தாலும் நாங்கள் நாலு பேர் ஏட்டிக்குப் போட்டியாக ஆரம்பித்துவிட்டோம். இதுவரை மூன்று மாதம் போயிருக்கிறோம்.

முதல் மாதமே சொதப்பல். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் மண்டபக் கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, அதைப் பார்க்கத் திட்டம். நாள் பார்க்காமல் கிளம்பினோம், அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. அதே ஊர்க் காலபைரவர் கோயில் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லை. சாம்பல் பூசணியை வெட்டி எண்ணெய் ஊற்றி விளக்கேற்ற அவ்வளவு கூட்டம். பெருமாள் கோயிலிலோ ஈ காக்கை இல்லை. கதவும் பூட்டியிருந்தது.

சாவி வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். "அங்க என்ன சார் வேண்டுதல்?" என்றார். ஓவியம் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார்.

உள்ளே அரையிருட்டு, வௌவால் நாற்றம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் தரையிலேயே மல்லாந்து படுத்து செல்போன் டார்ச்சை அடித்தோம். செம்மண் சிவப்பு, கறுப்புக் கோடு, நடுநடுவே பெயர்ந்துபோன காரை. ராமாயணமும் பாரதமும் இருப்பதாகப் படித்துவிட்டுத்தான் போயிருந்தோம். ஆனாலும் யார் யார் என்று பிடிபடவில்லை. கடைக்காரர் மட்டும் படுக்காமல் நின்றபடி, "விஸ்வரூபம் சார் இது" என்றார். சின்ன வயதில் ஊர் ஊராகப் பாரதக் கூத்து பார்த்தவராம். தூது போன கிருஷ்ணன் சபையில் எழுந்து நிற்கிற இடத்தை அடிக்குரலில் பாடியே காட்டினார். கடை போட்ட நாளிலிருந்து இந்தக் கூரையை ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை என்றார். அவரைச் சொல்வானேன், தருமபுரியிலேயே பிறந்த எனக்கும் அன்றுதான் முதல் தடவை.

இரண்டாவது மாதம் தருமபுரி அகழ்வைப்பகம், அதாவது தொல்லியல் அருங்காட்சியகம். நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், சிலவற்றில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதும் மீட்டபோதும் செத்த வீரர்களுக்காக நட்ட கற்கள். நாங்கள் அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு பிரியாணிக்குப் போய்விட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம். 2004-இல் மாவட்டம் பிரிந்தது, கல்லுக்கு அதெல்லாம் தெரியாது. அதே வில், அதே குறுவாள். ஆனால் இங்கே புளியமரத்தடியில் எண்ணெய் மினுமினுக்க, மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு நின்றது. வேடியப்பன் சாமி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "இது நடுகல்லுங்க ஆயா, போர்ல செத்த வீரன்" என்று விளக்க ஆரம்பித்தேன். முழுதும் கேட்டார். "இருக்கட்டும்டா. எங்க வேடியப்பனுக்கு மாடு கன்னுன்னா உசுரு. போட்டோ எடுக்கிறதுன்னா செருப்பைக் கழட்டிட்டு எடு" என்றார்.

கழற்றினோம். போன மாதம் அகழ்வைப்பகத்தில் செருப்போடுதான் சுற்றினோம்.

வரும் மாதம் மல்லசந்திரம். மலைமேல் கற்திட்டைகள் நிறைய இருக்கின்றன, கற்பலகைகளை நிறுத்தி மூடிய பழங்கால ஈமச் சின்னங்கள். ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை ஓவியங்கள் உண்டு. சொன்னதும் டீக்கடைக்காரர், "பாண்டவர் வீடா? நானும் வரேன்" என்கிறார். காரில் ஒரு இடம்தான் பாக்கி இருந்தது, அது அவருக்கு.