பெர்ஃபெக்ட் ப்ளூ: மிமா ஏன் ரூமியைக் காப்பாற்றினாள்?

அல்சூர்க்காரி

பாட்டுக் குழுவை விட்டு நடிக்கப் போகும் மிமா என்ற பாடகியைப் பற்றிய ஜப்பானிய அனிமேஷன் படம் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படத்தின் கடைசிக் காட்சி வரை கதை இதில் இருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். பெரியவர்களுக்கான படம்.

போன சனிக்கிழமை இரவு அத்தை பெண் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். கார்ட்டூன்தானே என்று சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தேன். மொத்தமே 81 நிமிடம். பாதியிலேயே தட்டைக் கீழே வைத்துவிட்டேன், அதன் பிறகு எடுக்கவில்லை. நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை. எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால்தான் ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. 19 வயதிலிருந்து மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கர்நாடக ராஜ்யோத்சவத்துக்குத் தெருமுனை மேடை, எல்லாம் உண்டு. தாவணி கட்டி, பின்னலில் பூ வைத்து, பழைய பாட்டுகள் பாடுவேன். இரண்டு வருடம் முன்பு பூப்பல்லக்கு இரவில் பாடியதை யாரோ போனில் எடுத்துப் போட, அது எங்கெங்கோ பரவிவிட்டது. மெட்ரோவில் முன்பின் தெரியாதவர்கள் "நீங்கதானே அது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் என் பெயரில், என் படத்தோடு ஒரு பக்கம் வந்தது. நான் தொடங்கியது இல்லை. "இன்று மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது", "அம்மா வைத்த வத்தக்குழம்பு" என்று நாள்தோறும் எழுதினார்கள். முதலில் வாசித்துச் சிரித்தேன். அந்தச் சமயம்தான் நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, சொந்தமாக மெட்டமைத்த பாட்டுகளைப் பாடத் தொடங்கியிருந்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் பின்னல் அப்படியே இருந்தது, தாவணியும் இருந்தது. "எனக்குப் பழைய பாட்டுதான் உயிர், என்னை மாறச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்" என்று அவள் எழுதினாள். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் ஆறுதல். என் உண்மையான பக்கத்தில் வந்து "நீ போலி" என்று திட்டினார்கள். ஒருநாள் அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தால், அவரும் அந்தப் பக்கத்துக்குத்தான் லைக் போட்டிருக்கிறார்.

அதைவிடக் கஷ்டமான ஒன்று உண்டு. இன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ள, காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அவள் சோகமாக எழுதினால் எனக்கும் அன்றைக்குச் சோகம். ஏழு வாரம் இப்படி ஓடியது. பலமுறை புகார் கொடுத்த பிறகு பக்கம் போனது. யார் நடத்தினார்கள் என்று இதுவரை தெரியாது. ஆனால் ஒரு பதிவில், மேடை ஏறும் முன் நான் வாயில் ஒரு துண்டு அதிமதுரம் அடக்கிக்கொள்வதை எழுதியிருந்தார்கள். அது எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது படத்தில் "மிமாவின் அறை" என்று அவள் பெயரில் யாரோ எழுதும் ஒரு இணையதளம் வருகிறதே, ரயிலில் இருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்குவாள் என்பது வரைக்கும் எழுதியிருக்குமே, அதைப் படித்து மிமா முதலில் சிரிப்பாளே! அந்தச் சிரிப்பு அப்படியே என்னுடையது. 1997இல், இணையம் என்றால் என்ன என்று அவளுக்கே இன்னொருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், இதை எப்படி யோசித்தார்கள்?

என் கேள்வி இதுதான். அவளுக்கு அத்தனையும் செய்தது கூடவே இருந்த மேனேஜர் ரூமி என்று தெரிந்த பிறகு, குத்துக்காயம் வாங்கிய பிறகு, லாரி வரும்போது மிமா ஏன் அவளைப் பாய்ந்து காப்பாற்றுகிறாள்? மருத்துவமனைக்கு வேறு போய்ப் பார்க்கிறாள். கடைசியில் காரில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து "நான் நிஜம்தான்" என்கிறாளே, அது யாரிடம்?

இன்னொன்று. என் தங்கைக்கு 17 வயது. ஒரு பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவளுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?

கோடும் வண்ணமும்

அக்கா, நான் பெங்களூரில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் காம்போசிட்டிங் (தனித்தனி அடுக்குகளை ஒரே காட்சியாகச் சேர்ப்பது) வேலை பார்க்கிறேன். இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

தங்கைக்கு இப்போது வேண்டாம். மிமா நடிக்கும் டிவி நாடகத்தில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி படமாக்கப்படுகிறது. எல்லாம் நடிப்புதான், நடுவில் இயக்குநர் கட் சொல்கிறார், அந்த நடிகர் அவளிடம் மன்னிப்பும் கேட்கிறார், ஆனால் பார்ப்பவர்களுக்கு அந்தச் சமாதானம் போதாது. எனக்கே இன்னும் அந்த இடம் கஷ்டம். கொலைகளும் கொடூரமாக இருக்கும்.

சடோஷி கோன் இயக்கிய முதல் படம் இது. அதற்கு முன் அவர் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வரைந்துகொண்டிருந்தவர். மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரித்தது. முதலில் வீடியோவில் மட்டும் வெளியிடத் திட்டமிட்டு, பிறகுதான் திரையரங்குக்கு வந்தது. அவர் 2010இல் 46 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நம் படங்களில் இரட்டை வேடம் வந்தால், நம் கண் தானாகவே ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடும். ஒருவர் நிஜம், இன்னொருவர் கேமரா வித்தை என்று மனசுக்குள் பிரித்து வைத்துக்கொள்வோம். வரைந்த படத்தில் அது முடியாது. நிஜ மிமாவும், அவள் கண்ணுக்குத் தெரியும் பழைய மேடை உடை போட்ட பொய் மிமாவும் ஒரே கை வரைந்த கோடுகள். இரண்டுக்கும் ஒரே எடை. நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் குழம்பியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அங்கே இருந்தது உங்கள் படம், உங்கள் சொல். பிரித்துப் பார்க்க விளிம்பே இல்லை.

அப்புறம் வெட்டு, அதாவது எடிட்டிங். அவள் படுக்கையில் இருந்து திடுக்கிட்டு எழுவாள், சரி கனவு என்று நாம் மூச்சு விடுவோம். அடுத்த காட்சி நாடகப் படப்பிடிப்பில் போய் முடியும். மறுபடி அதே படுக்கை. எந்த விழிப்பு உண்மையானது என்று நாமே தொலைந்துபோகிறோம். நாடகத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வேடத்தில் ஒரே ஒரு வசனம்தான்: "நீங்கள் யார்?" அதையே முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருப்பாள். படம் முழுக்க அந்த ஒரு வரிதான் அவளைத் துரத்துகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைசித் துரத்தலை மறுபடி போட்டுப் பாருங்கள். பொய் மிமா பஞ்சு மாதிரி மிதந்து மிதந்து வருவாள், மூச்சே வாங்காது. ஆனால் வழியில் உள்ள கடைக் கண்ணாடிகளில் தெரிவது ரூமி. பருத்த உடம்பில் அந்தச் சின்னப் பெண்ணின் மேடை உடையை மாட்டிக்கொண்டு, வியர்த்து, மூச்சிரைக்க ஓடிவருகிறாள். அந்தத் துரத்தலில் கண்ணாடி மட்டும்தான் பொய் சொல்லாத இடம். லாரி வரும்போது அதன் விளக்கு ரூமிக்கு மேடை விளக்காகத் தெரிகிறது. கைகளை விரித்துச் சிரிக்கிறாள். அந்த வெளிச்சத்துக்குள் நின்றால் எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் மிமாதான். அதனால் காப்பாற்றினாள் என்பது என் எண்ணம். கடைசி வரியைக் கார்க் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வதும் அதே கண்ணாடிக் கணக்குதான்.

பழைய கீபோர்டு

அம்மா, நான் ஸ்ரீராமபுரம். 1988லிருந்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன், பிறகு சொந்தமாகக் குழு நடத்தினேன். உன் பதிவைப் படித்துவிட்டுப் பையனிடம் கேட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். சில இடங்களை ஓட்டிவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

தம்பி படக் கலையைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார். நான் ரூமியைப் பற்றிச் சொல்கிறேன். அந்த அம்மாளும் ஒரு காலத்தில் மேடையில் பாடியவள். படம் அதை லேசாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது, ஆனால் மொத்தக் கதையும் அதில் இருக்கிறது. மிமா பாட்டை விட்டு நடிக்கப் போகிறாள் என்று கம்பெனி முடிவு செய்யும்போது ரூமிதான் எதிர்க்கிறாள். அந்தக் கஷ்டமான காட்சியைப் படம்பிடிக்கும்போது அழுதுகொண்டே வெளியே போகிறவளும் அவள்தான். முதல் முறை பார்க்கும்போது எவ்வளவு நல்லவள் என்று தோன்றியது. இப்போது யோசித்தால், அவள் அழுதது எந்தப் பெண்ணுக்காக என்று சந்தேகமாக இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு பாடகி இருந்தாள். எட்டு வருடம் பாடினாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வேண்டாம் என்றார்கள். அவள் இடத்துக்குப் புதுப் பெண் வந்தாள். இவள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். புதுப் பெண் பாடும்போது இவள் உதடு ஒரு எழுத்து விடாமல் கூடவே அசையும். புதுப் பெண் ஒருநாள் ஒரு சங்கதியை மாற்றிப் பாடினாள். இறங்கி வந்ததும் இவள் அவள் கையைப் பிடித்து, "அது அப்படி இல்லை, அது என்னுடையது" என்றாள். கோபமாகக்கூட இல்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். அன்றைக்கு நான் கண்டும் காணாமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டு ஒரு பாட்டாவது பாட வைத்திருக்கலாம். அது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு இளைஞன் தூரத்தில் நின்று உள்ளங்கையை விரித்துப் பிடிப்பான், மேடையில் ஆடும் மிமா அவன் கையில் ஆடுவது போலத் தெரியும். அந்த வெறியனை நாம் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறோம். பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பவரைக் கண்டுகொள்வதில்லை. அதிமதுரம் விஷயத்தை யார் எழுதினார் என்று நீயாகத் தனியாகப் போய்க் கேட்காதே அம்மா. கேட்டால் யாராவது ஒரு பெரியவரைக் கூட வைத்துக்கொள்.

வழக்கு டைரி

சிவில் கோர்ட் வளாகத்தில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். படம் பார்த்ததில்லை, சட்டம் மட்டும் சொல்கிறேன்.

பக்கம் போய்விட்டது என்பதற்காக விஷயம் முடிந்துவிடவில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரின் பேரில் நீக்கிய பதிவுகளை அந்த நிறுவனம் விசாரணைக்காக 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும். பக்கம் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று உடனே எண்ணிப் பாருங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். உங்களிடம் உள்ள ஸ்கிரீன்ஷாட்டுகள், பக்கத்தின் முகவரி, தேதி, நீங்கள் முன்பு கொடுத்த புகார்களுக்கு வந்த பதில்கள், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கணினி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வதும், இணையத்தில் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவில் வரும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அல்சூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், 131 நாள் ஆகிறது. நேற்று இரவு அத்தை பெண்ணோடு உட்கார்ந்து புகாரைப் பதிவு செய்துவிட்டேன். கை நடுங்கியது. குழுவில் உள்ளவர் யாராவது என்றால் அவர் வாழ்க்கை என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு மிமா நினைவுக்கு வந்தாள். லாரியிடமிருந்து காப்பாற்றினாளே தவிர, ரூமியைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கதவுள்ள ஒரு இடத்தில் ரூமி இருக்கிறாள், மிமா வெளியே இருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அந்தத் தூரம் எனக்கும் வேண்டும்.

தம்பி சொன்ன கண்ணாடிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ரூமிக்கு மூச்சிரைப்பது இந்த முறைதான் கண்ணில் பட்டது. ஆனால் மிமா காப்பாற்றியதற்கு நீங்கள் சொன்ன காரணத்தை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. அவளுக்கு யோசிக்க அவகாசமே இல்லை. பாய்ந்துவிட்டாள், அவ்வளவுதான். படம் முழுக்க மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவள், யாரும் எழுதிக் கொடுக்காமல் செய்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. "நான் நிஜம்தான்" என்பதைவிட எனக்கு அந்தப் பாய்ச்சல்தான் நிஜமாகத் தெரிகிறது.

கீபோர்டு ஐயா, ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனைக் கொண்டுவந்து, "இதில் நீ எது, எனக்குக் காட்டு" என்றார். என் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். குட்டை முடியோடு நான் பாடிய பாட்டை முதல்முறையாக முழுவதும் கேட்டார். இரண்டாவது சரணம் இழுவையாக இருக்கிறது என்றார். சரியாகத்தான் சொன்னார்.

தங்கைக்குப் படம் காட்டவில்லை. என் கதையை மட்டும் சொன்னேன், அம்மா லைக் போட்டது வரைக்கும்.

ஞாயிறு காலை குழு ஒத்திகை இருக்கிறது. ஐந்து மாதமாகப் போகாமல் இருந்தேன், இந்த வாரம் போகிறேன், மாமாவும் கூட வருகிறார். அதிமதுரம் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லோர் முன்னாலும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளப் போகிறேன்.