'சட்டயர்', 'பேரடி': இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மடல் 1 (மதுரை)

குழும நண்பர்களுக்கு வணக்கம். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான பதிப்புரிமைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எட்டாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. ராய் ஆர்பிசனின் பழைய பாட்டு ஒன்றை டூ லைவ் குரூ என்ற ராப் குழு கேலியாக மாற்றிப் பாடியது. அதில் நீதிமன்றம் பேரடி (parody), சட்டயர் (satire) இரண்டையும் பிரிக்கிறது: பேரடி அந்த மூலப் படைப்பையே குத்துவது, ஆகவே மூலத்திலிருந்து கொஞ்சம் எடுக்காமல் முடியாது. சட்டயர் வேறு யாரையோ எதையோ குத்துவது, அதற்கு அடுத்தவர் பாட்டு எதற்கு என்று தனியாகக் காரணம் காட்ட வேண்டும். ஆனால் என்னிடம் உள்ள அகராதிகளில் அங்கதம், பகடி, நையாண்டி, கேலி எல்லாம் இரண்டுக்கும் மாறி மாறிக் கிடக்கின்றன. மாணவர் எதை வைத்துப் பிரிப்பார்?

மடல் 2 (தஞ்சாவூர்)

ஐயா, சட்டயருக்கு அங்கதம் இருக்கும்போது தேடுவானேன்? தொல்காப்பியர் செய்யுளியலில் இலக்கணமே சொல்லிவிட்டார். வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், அது வசை. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. புறநானூறு 95ஐ வகுப்பில் வைத்துப் பாருங்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவையார், அவன் பகைவன் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று சொல்கிறார்: இங்கே உள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்பவனுக்குப் புகழ்ச்சி மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கும் அடி, வீட்டுக்குப் போன பிறகுதான் வலிக்கும். முப்பது ஆண்டு இந்தப் பாட்டை நடத்தியவன் நான், ஒரு தடவைகூட மாணவர்களுக்குப் பிடிக்காமல் போனதில்லை.

மடல் 3 (கோவை)

ஐயா மன்னிக்கணும். பாட்டு பிடிக்கும், சொல் பிடிபடாது. அங்கதம் என்றால் என் மாணவர்களுக்கு வாலியின் மகன் அங்கதன் நினைவுக்கு வருகிறான், கொஞ்சம் படித்தவர்களுக்குத் தோள்வளை. தோள்வளை என்ற பொருளில் அது வடசொல் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்கள். பழமைதான் வேண்டுமென்றால் அதே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன், அதில் முதலாவது எள்ளல். சுத்தமான தமிழ், இன்றும் புரிகிறது. எள்ளல் வேண்டாமா, நையாண்டி வையுங்கள். கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் அடிக்கும் ஊரில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நைதல் என்ற வினையிலிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம். எதிரியை நையவைப்பது. அந்த 'ஆண்டி'யைத்தான் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆள்தலா, பழநியில் நிற்கிற ஆண்டியா? நைய ஆண்டவன் என்று கொண்டால்...

மடல் 4 (மதுரை)

வேர் ஆராய்ச்சியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா? எள்ளல் ஒரு செயல், ஒரு மனநிலை. ஒருவர் நடப்பதைப் பார்த்துச் சிரித்தாலும் எள்ளல்தான். எனக்கு வேண்டியது படைப்பு வகையின் பெயர். சட்டயருக்கு அங்கதமும் பேரடிக்குப் பகடியும் வைக்கலாம் என்று தோன்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

மடல் 5 (யாழ்ப்பாணம்)

பகடி வேண்டாம். எங்கட பக்கம் பகிடி என்றால் சும்மா சிரிக்கக் கதைக்கிறது. அதைவிட முக்கியம், பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்துவதற்குப் பகிடிவதை என்று பெயர். அதைத் தடைசெய்ய 1998இல் இலங்கையில் சட்டமே வந்தது. உங்கள் நூல் சட்ட நூல். எங்கட மாணவர் ஒருவர் அதை வாசித்தால் பகடிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற வரியை எப்படி எடுத்துக்கொள்வார்? ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் படிப்பை விட்டுப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மடல் 6 (தஞ்சாவூர்)

வேர் கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை. அணிகலன் அங்கதம் வேறு, வசை அங்கதம் வேறு. ஒலி ஒத்தால் ஒரே சொல்லாகிவிடாது. இன்னொன்று, பழிகரப்பு பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் பற்றி ஒரு துணுக்கு வந்தது. அதற்காக ஆசிரியருக்கு மூன்று மாதச் சிறை என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானித்தது. அந்தத் துணுக்கில் யார் பெயரும் இல்லை. அப்படியானால் அது கரந்ததுதானே? ஆனால் சபையே எழுந்து 'எங்களைத்தான்' என்று சொன்ன பிறகு அது செம்பொருளாகிவிட்டதா? உரையாசிரியர்கள் இருந்திருந்தால் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள்.

மடல் 7 (சென்னை)

தஞ்சை ஐயாவின் உதாரணம் மதுரை நண்பருக்கு நேராகவே உதவும். அந்தத் துணுக்குக்கு மூலப் படைப்பு என்று எதுவும் இல்லை, அதனால் அது அங்கதம் மட்டும். பேரடிக்கு நம் பக்கத்து வழக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கேரள உயர் நீதிமன்றம், 1996. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்தின் பாத்திரங்களையும் உரையாடலையும் எடுத்து, அந்த நாடகத்தையே கேள்வி கேட்டு சிவிக் சந்திரன் ஒரு நாடகம் எழுதினார். மூலத்தை விமர்சிக்கத்தான் எடுத்திருக்கிறார், நகல் எடுக்க அல்ல என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதை எதிர்நாடகம் என்றே சொல்கிறார்கள்.

நான் முன்வைக்கும் சொல் எசப்பாட்டு, ஒருவர் பாடியதற்கு இன்னொருவர் பாடும் பதில் பாட்டு. கிரேக்க மூலத்திலும் பேரடி என்பதற்குள் பாட்டுத்தான் இருக்கிறது, பக்கத்தில் நின்று பாடுவது. முதலில் ஒருவர் பாடினால்தான் எசப்பாட்டு. முதல் பாட்டு இல்லாவிட்டால் அதற்கு உயிரே கிடையாது. 1994இல் நீதிபதிகள் பல பக்கத்தில் விளக்கியதை வயலில் நாற்று நடுகிறவர்கள் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள். இதைவிட்டுவிட்டுப் புதிதாக எதைக் கோக்கப் போகிறோம்?

மடல் 8 (கோவை)

எசப்பாட்டு கேட்கும்போதே இனிக்கிறது, ஆனால் எசப்பாட்டில் கேலி இருந்தே தீர வேண்டும் என்றில்லை. அன்பாகவும் பதில் பாடுவார்கள். அப்புறம், சினிமாவைச் சினிமாவால் கேலி செய்தால் எசப்படமா? ஓவியத்துக்கு?

மடல் 9 (மதுரை)

இரவு பதினொன்றரை. நான்கு பேர் அங்கதம் சரி என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள், கோவை நண்பர் ஒருவர் மட்டும் மறுப்பு, ஆகவே சட்டயர் = அங்கதம். பேரடிக்குப் பகடி என்று எழுதி, முதல் இடத்தில் அடிக்குறிப்பாகப் பகிடிவதைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று போடுகிறேன். எசப்பாட்டை அந்த ஆர்பிசன் வழக்கை விளக்கும் பத்தியில் உவமையாகச் சேர்த்துவிட்டேன், அது அங்கே அழகாக உட்கார்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மடல் 10 (யாழ்ப்பாணம்)

அடிக்குறிப்பை எத்தனை மாணவர் வாசிக்கிறவை? என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது திரும்பவும் கேட்பேன். அதுவரைக்கும் 'எதிர்நகல்' என்று ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன், அதில் மூலமும் இருக்கு, எதிர்ப்பும் இருக்கு.

மடல் 11 (கோவை)

எதிர்நகலில் 'நகல்' அரபு வழி வந்தது.