மறு: புது பூட்ஸுக்கு ‘பிரேக் இன்’: வசக்குதல்?

அனைவருக்கும் வணக்கம்.

குதிரையேற்ற பூட்ஸ் கையேட்டை மொழிபெயர்க்கும் நண்பர், புது பூட்ஸை அணிந்து அணிந்தே காலுக்கு இசைய வைப்பதைச் சொல்லும் ‘பிரேக் இன்’ (break in) என்ற ஆங்கில வினைக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்த பரிந்துரைகள்:

> தளர்த்தல், மென்மையாக்கல், பழக்குதல்

முதலாவதை அவசியம் விட்டுவிட வேண்டும். அதை நம்பிப் படிப்பவர் நல்ல பூட்ஸைக் கெடுத்துக்கொள்வார்.

முழங்கால் வரை வரும் கெட்டித் தோல் பூட்ஸ், புதிதில் குழாய் மாதிரி விறைத்து நிற்கும். சேணத்தில் உட்காருபவர் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் மிதிவளையத்தில்) பாதத்தை வைத்துக் குதிகாலைத் தாழ்த்த வேண்டும். கணுக்காலில் தோல் மடங்காதவரை அது நடக்காது. ஆக, மாற வேண்டிய இடம் முதலில் கணுக்கால்தான். கெண்டைக்காலில் பூட்ஸ் கவ்விப் பிடித்துத்தான் இருக்க வேண்டும். ஓட்டுபவர் குதிரைக்குச் சொல்வதில் பாதி அந்தக் கால் வழியாகத்தான் போகிறது. அங்கே தொளதொளத்தால் பூட்ஸ் சுழலும், தோலை உராயும், குதிரைக்கும் குறிப்பு தெளிவாகப் போகாது.

அளவெடுக்கும் முறையைப் பாருங்கள். சவாரிக் கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு, நாற்காலியில் முழங்கால் செங்கோணமாக மடங்கும்படி உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உயரம் எடுப்பார்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு. இரண்டு காலிலும் எடுக்க வேண்டும். மாலையில் எடுப்பது நல்லது, கால் சற்று வீங்கியிருக்கும். பூட்ஸை மட்டும் அந்த உயரத்தைவிட ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கூடுதலாக வாங்குவார்கள். கணுக்காலில் மடிப்பு விழ விழ உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

அதனால் முதல் சில வாரங்கள் மேல்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தும். இந்தக் கட்டத்தில் ‘தளர்த்து’ என்று கையேடு சொன்னால் என்ன ஆகும்? கடையில் கொடுத்து கெண்டைக்கால் பகுதியை விரித்துவிடுவார்கள். அந்த இடத்துத் தோல் அணிய அணியத் தானாகவே கொஞ்சம் விரியக்கூடியது. கடைசியில் பூட்ஸ் தொளதொளவென்று ஆகிவிடும், குத்தலும் தீராது. சரியான வழி, உள்ளே குதிகாலுக்கு அடியில் மெத்தை வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, மடிப்பு விழுந்தபின் எடுத்துவிடுவது.

‘மென்மையாக்கல்’ எண்ணெய்ப் புட்டியை எடுக்க வைக்கும். எண்ணெய் அதிகமானால் தோல் வலுவிழந்து தொங்கும், தையலும் கெடும். முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினால் தோல் வறண்டு வெடிக்கும். டிரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான நடைகளில் செலுத்தும் போட்டி) பூட்ஸில் காலைச் சுற்றி நிற்கும் குழல் நிமிர்ந்து நிற்பதற்கென்றே விறைப்பான பட்டை வைத்துத் தைக்கிறார்கள். அது மென்மையாகவே கூடாது.

‘பழக்குதல்’ நல்ல சொல்தான். ஆனால் காலைப் பூட்ஸுக்குப் பழக்குவதா, பூட்ஸைக் காலுக்குப் பழக்குவதா என்ற மயக்கம் வருகிறது. இரண்டும் நடக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் கையேடு பேசுவது தோலைப் பற்றி.

என் பரிந்துரை: வசக்குதல். இளங்காளையை ஏருக்கு வசக்குவார்கள். கரம்பு நிலத்தையும் வசக்குவார்கள். வேலை வாங்கி வாங்கியே இசைய வைப்பது அது. வசக்கிய காளை வலுவை இழப்பதில்லை, நுகத்துக்கு இணங்குகிறது. பூட்ஸிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதே. ஆங்கிலத்திலும் குதிரைக்கும் பூட்ஸுக்கும் ஒரே வினைதான், அதனால் கையேட்டில் இரண்டு இடத்திலும் பொருந்தி வரும்.

வட்டாரச் சொல் என்று மறுப்பு வரலாம். வசம், வசப்படுத்து எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் கேட்டதும் பிடிபடும். கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“புது பூட்ஸை வீட்டில் தினம் அரை மணி நேரம் அணிந்து வசக்கவும். படியேறி இறங்கவும், முழங்காலை மடக்கி உட்காரவும். உடற்சூட்டிலும் வியர்வை ஈரத்திலும் தோல் இசைந்து மடிப்பு விழும். ஜிப்பை இழுக்கும்போது இரு ஓரங்களையும் கையால் சேர்த்துப் பிடிக்கவும். குதிகாலிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கொப்புளம் வருமுன்பே பிளாஸ்திரி ஒட்டவும். வசங்கும்வரை நீண்ட சவாரி வேண்டாம்.”

‘வசங்கும்வரை’ என்று தன்வினையும் கிடைத்துவிடுகிறது பாருங்கள். மற்ற சொற்களில் ‘மென்மையானபின்’, ‘தளர்ந்தபின்’ என்று போய்த் திரும்பவும் தவறான பொருளில் விழுகிறோம்.

பூட்ஸைத் தண்ணீரில் நனைத்து, காலிலேயே காயவிடும் பழைய முறையை மூலத்தில் ஒரு வரியாகச் சொல்லியிருப்பதாக நண்பர் எழுதியிருந்தார். உள்துணியும் பசையும் ஜிப்பும் உள்ள இன்றைய பூட்ஸுக்கு அது ஆபத்து. மொழிபெயர்ப்பில் அந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், மடிப்பு விழுந்து பூட்ஸின் உயரம் குறைவதற்கு ‘இறக்கம்’ என்று ஒருவர் தந்திருந்தார். தையற்காரர்கள் நீளத்தையே இறக்கம் என்பதால் குழம்பும். தணிந்த கூரை என்கிறோமே, அதை வைத்து ‘தணிவு’ எனலாம்: “தணிவுக்காக ஓர் அங்குலம் கூடுதல் உயரம் வாங்கவும்.”

மறுப்பு இல்லையென்றால் நமது குழுவின் சொற்பட்டியலில் ‘வசக்குதல்’, ‘தணிவு’ இரண்டையும் ஏற்றி, ‘தளர்த்தல்’ பதிவை நீக்கிவிடலாம். குதிரைப் பயிற்சியில் இருப்பவர்கள் யாரேனும் குழுவில் இருந்தால், லாயத்தில் என்ன சொல்கிறார்கள் என்று அவசியம் எழுதுங்கள். அங்கே வேறு சொல் புழங்கினால் அதற்கே முதலிடம் கொடுப்போம்.

அன்புடன்.