செவ்வாயை வரையும்போது அரை நொடி தெரிந்ததைத் தாளில் போடலாமா?

கோவை:
2020 அக்டோபர். செவ்வாயின் தோற்ற அளவு 22 ஆர்க் செகண்டுக்கு மேல் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்), நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சந்தலையில். மொட்டைமாடியில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலச் செவ்வாயின் வட்டத் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. சிர்ட்டிஸ் மேஜர் என்ற முக்கோணக் கருந்திட்டுக்குத் தாளில் நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று அடங்கியது. முக்கோணத்தின் முனையிலிருந்து வளைந்து போகும் மெல்லிய கோடு ஒன்று, அவ்வளவு கூர்மையாக! உடனே கலைந்துவிட்டது. சிர்ட்டிஸ் ஓரத்துக்கு நகரும்வரை ஐபீஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, திரும்ப வரவேயில்லை. தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். இன்றைக்கும் அந்த ஸ்கெட்சை எடுத்தால் கண் அங்கேதான் போகிறது. யாருக்காவது இது தெரிந்ததா?

திருச்சி:
விட்டதுதான் சரி. 1877-ல் ஸ்கியாபரெல்லி என்ற வானியலாளர் செவ்வாயில் கோடு கோடாக வரைந்தார். அப்புறம் இன்னொரு வானியலாளர் லோவெல் அவற்றைச் செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்றே எழுதினார். 1909-ல் பாரிஸ் அருகே மியூடோன் ஆய்வகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கியில் வானியலாளர் அந்தோனியாடி பார்த்தபோது, அங்கே இருந்தவை ஒழுங்கில்லாத திட்டுகள். கண் திட்டுகளைச் சேர்த்துக் கோடாக்கிவிடும்.
2018 ஜூலையில் 24 ஆர்க் செகண்ட் இருந்தும், தூசிப் புயலால் எனக்குக் கிடைத்தது மொழுக்கென்று ஓர் ஆரஞ்சு வட்டம். மேப்பில் இருக்கும் சிர்ட்டிஸை நிரப்பக் கை துடித்தது. நிரப்பவில்லை.

சேலம்:
திருச்சி நண்பரே, உங்களுக்கு எதுவும் தெரியவில்லை, விட்டீர்கள். கோவைக்காரருக்குத் தெரிந்திருக்கிறதே! சிர்ட்டிஸின் வடமுனையில் நிலோசிர்ட்டிஸ் என்ற வளைந்த கருந்தடம் பழைய மேப்புகளில் உண்டு. 1994 ஜூலையில் வால்மீன் துண்டுகள் மோதிய வியாழனை 60 மி.மீ. தொலைநோக்கியில் வரைந்தேன். கரும்புள்ளியைப் பார்த்த ஆசிரியர் 'லென்ஸ் அழுக்கு' என்றார். புள்ளியை அழிக்காமல் வைத்திருந்தேன், சில நாளில் பேப்பரில் படம் வந்தது.
கோவை நண்பர் புள்ளிக்கோடாகப் போட்டு, 'ஒரு முறை, உறுதியில்லை' என்று ஓரத்தில் எழுதியிருக்கலாம். செவ்வாய் சுற்ற நம்மைவிட 37 நிமிடம் கூட எடுக்கும். அதனால் மறுநாள் 40 நிமிடம் போல தாமதமாக உட்கார்ந்தால் அதே முகம் வரும், சரிபார்க்கலாம். 5 செ.மீ. வட்டத்தை முன்னாலேயே போட்டு வையுங்கள். துருவப் பனியையும் பெரிய கருந்திட்டுகளையும் முதல் 10 நிமிடத்தில் குறித்து, பக்கத்தில் மணியை எழுதுங்கள். நுணுக்கமெல்லாம் பிறகு. ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் கருந்திட்டுகள் எடுப்பாகத் தெரியும். வரைந்து முடிக்கும்வரை மேப்பைத் திறக்கவே திறக்காதீர்கள். செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வரும் அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரி 19. தட்டு 14 ஆர்க் செகண்டைத் தொடாது, ஆனாலும் 8 அங்குலத்தில் சிர்ட்டிஸ் நன்றாகவே தெரியும்.