நந்தினியின் விமான வகுப்பு

நந்தினி: சேகர் மாமா, உங்களிடம் பயண நேரம், எரிபொருள் கணக்குப் போடும் வட்டமான ஃபிளைட் கம்ப்யூட்டர் ஒன்று இருந்ததே, இன்னும் இருக்கிறதா? வியாழக்கிழமை வகுப்பில் நேவிகேஷன், அதாவது வழி கணிப்பது, தொடங்குகிறார்கள்.

முரளி: என் மடிக்கணினியைத் தரட்டுமா?

நந்தினி: இது மின்சாரமே வேண்டாத சுழல் அட்டை, அண்ணா.

பெரியம்மா: விமானம் ஓட்டப் போகிறவளுக்கு வகுப்பறை எதற்கு?

சேகர் மாமா: அதுதான் அடிப்படை, அக்கா. தூரம் 120 கடல் மைல், விமானத்தின் வேகம் 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல், என்று வைத்துக்கொள். காற்று இல்லையென்றால் 1 மணி 12 நிமிடத்தில் போய்விடலாம். 20 நாட் எதிர்க்காற்று வீசினால் 1 மணி 30 நிமிடம் ஆகும். அந்த 18 நிமிடத்துக்கான எரிபொருளைக் கிளம்பும் முன்பே கணக்கிட்டாக வேண்டும். வானத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு யோசிக்க முடியாது.

சித்தி: அந்த அட்டை, வீடு மாற்றியபோது கட்டிய பெட்டியில் இருந்தது. முரளிதான் தூக்கிப் போனான்.

முரளி: அதைப் பெரியப்பா அப்போதே வாங்கிக்கொண்டாரே!

பெரியம்மா: என் தையல் கத்திரிக்கோலும் அதோடு போனதுதான்.

சித்தி: ஆரம்பித்துவிட்டாயா அக்கா!

சேகர் மாமா: நந்தினி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் பனி படிவதைப் படித்தாயா? வெளியே 20 டிகிரி இருக்கிறதே என்று ஏமாறாதே. ஈரக்காற்று குறுகிய வழியில் நுழையும்போது அழுத்தம் குறைந்து குளிர்கிறது. பெட்ரோலும் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது ஆபத்து அதிகம். இன்ஜின் சுழற்சி காரணமில்லாமல் குறைந்தால் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழை முழுவதும் இழு. உருகிய தண்ணீர் உள்ளே போவதால் இன்ஜின் இன்னும் தடுமாறும். பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடாதே.

நந்தினி: நேற்றுதான் நடத்தினார்கள். அந்தக் கடைசி எச்சரிக்கையை மட்டும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டேன் மாமா.

பெரியம்மா: இவ்வளவு தெரிந்தவன் ஏன் பாதியில் விட்டாய்?

சேகர் மாமா: அப்பா கையெழுத்துப் போட மறுத்தது உனக்குத் தெரியாதா அக்கா?

சித்தி: அண்ணா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சேகர் மாமா: இவளாவது முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பெரியப்பா: பெட்டி பரணில் இருக்கிறது. பூட்டின் சாவி முரளியிடம்.

முரளி: எனக்கு யாரும் சாவி தரவில்லை.

பெரியப்பா: சரி, ஞாயிற்றுக்கிழமை தேடுகிறேன்.

நந்தினி: பெரியப்பா, வகுப்பு வியாழன்!

சேகர் மாமா: அதுவரை பென்சிலால் பழகு. 90 நாட் வேகம், எதிர்க்காற்று 15, தூரம் 150 கடல் மைல். எவ்வளவு நேரம்?

நந்தினி: 2 மணி. பரணில் யார் ஏறுவது?